ஐந்து சென்டிமீட்டர் கேபிளும் இல்லாத காற்றும்

ஆடி மாசம் எங்கள் தீர்த்தமலைப் பக்கம் வந்தீர்கள் என்றால், மேற்கிலிருந்து காற்று ஆளைத் தள்ளும். அம்மியே பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. ஆனால் அதே நேரத்தில் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து வீசுகிறது. வேகம் விநாடிக்கு 30 மீட்டருக்கு மேலேகூடப் போகும். கீழே நிற்கிற நமக்கு அது எப்படித் தெரியும்? ஒன்று பலூன் விட வேண்டும், இல்லையென்றால் ரேடார்.

பி.காம். படிக்கிறவனுக்கு ரேடாரில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது :-) பொறுங்கள், கணக்குப்பதிவியலுக்குத்தான் வரப்போகிறேன்.

திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கி என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் எம்.எஸ்.டி. ரேடார் 1993-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. சினிமாவில் வருவது போலச் சுற்றுகிற தட்டு எதுவும் கிடையாது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, ஆக 1024 இடங்களில் ஆண்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எதுவும் அசையாது. எல்லாம் ஒரே கணத்தில் அலையை அனுப்பினால் கதிர் நேர் மேலே போகும். ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகக் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்தால் கதிர் அந்தத் தாமதத்தின் பக்கம் சாயும்.

இங்கேதான் கேபிள் வருகிறது. இந்த ரேடாரின் அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் காற்றில் 5.66 மீட்டர். சாதாரண பாலிதீன் உறை கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அது சுமார் 3.7 மீட்டராகச் சுருங்கிவிடும். 360 டிகிரியால் வகுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கேபிள் கூடினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி தாமதம்! அதனால் டேப் வைத்து அளந்து வெட்டினால் போதாது. ஒவ்வொரு கேபிளிலும் சிக்னல் அனுப்பி, எவ்வளவு தாமதம் என்று கருவியில் பார்த்து, குறித்துவைத்து, வித்தியாசத்தை நேர்செய்ய வேண்டும்.

அங்கொன்று இங்கொன்றாகப் பிழை இருந்தால் கதிர் கொஞ்சம் பலவீனமாகும், அவ்வளவுதான். ஒரே திசையில் வரிசையாகச் சேரும் பிழைதான் ஆபத்து. அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கு இடையே 5 செ.மீ. கேபிள் கூடிக்கொண்டே போனால் கதிர் ஒரு டிகிரி சாய்ந்துவிடும். ஒரு டிகிரிதானே என்று விட முடியாது. பக்கவாட்டில் 30 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மேலேயோ கீழேயோ போவதாக ரேடார் காட்டும். மழை இல்லாத நாளில் உண்மையான மேல்கீழ் ஓட்டம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். ஆக, இல்லாத காற்றை இருப்பதாகக் கணக்கு எழுதிவிடும்.

ஆண்டெனா இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்தால் இன்னும் வேடிக்கை. அது மற்றவற்றோடு சேராமல் அவற்றைக் கழிக்கும். 1024-இல் ஒன்று போனால் 1023 இல்லை, 1022! பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் இருப்பாய்வில் இரண்டு மடங்கு வித்தியாசம் வருமே, அதே கணக்கு.

இருப்பாய்வு சரியாக வந்தாலும் பிழை இல்லை என்று அர்த்தம் இல்லை. ஈடுசெய் பிழைகள் உள்ளே ஒளிந்திருக்கும் என்று பதினோராம் வகுப்பிலேயே படித்தோம். ரேடாரும் அப்படித்தான். ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் போகும் மின்சக்தியின் அளவு கச்சிதமாக இருக்கும், கதிர் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஏட்டை வைத்தே நம் ஏட்டைச் சரிபார்த்தால் இது பிடிபடாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும், வங்கி அறிக்கை மாதிரி.

அதற்கு இத்தகைய ரேடார்களுக்கு வானமே கைகொடுக்கிறது. இடம் துல்லியமாகத் தெரிந்த ரேடியோ மூலம் ஒன்று தலைக்கு மேலே கடக்கும்போது, கணக்கிட்ட நேரத்தில் சத்தம் உச்சத்துக்கு வருகிறதா என்று பார்க்கலாம். விர்கோ ஏ அப்படி ஒரு மூலம். 2019-இல் கருந்துளைப் படம் வெளியானதே, அதே எம்87 விண்மீன் மண்டலம்தான். தூரம் சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. காதங்கிக்கு அது உச்சியிலிருந்து ஒரு டிகிரி சொச்சம் தள்ளிக் கடக்கிறது. எங்கள் தீர்த்தமலைக்கோ ஏறக்குறைய நடு உச்சி. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் தினமும் ஒரு முறை தலைக்கு மேல் வந்துபோகிறார். சம்பளமும் கேட்பதில்லை!