பொய்முடியும் மணிமுடியும்

கண்டிப்பான ஒருவர் கையில் நாட்டை ஒப்படைத்துவிட்டால் பத்தாண்டில் அது தலையெடுத்துவிடும் என்று கூறுவோர் நம்மிடையே பலர். சான்று கேட்டால் உடனே தென் கொரியாவைக் காட்டுவார்கள். அந்நாட்டுக்குத் தொழிலுக்குச் செல்லும் நோக்குடன் கொரிய மொழி பயிலும் இளைஞர் நம் நாட்டில் மிகுந்துவிட்ட இக்காலத்தில், மாணவரும் இதே கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருகின்றனர். "அந்நாட்டை உயர்த்தியவர் தளபதி பார்க் அல்லரோ, சேர்?" என்று கேட்கும்போது, ஆம் என்று முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. பொய்முடி செய்த பெண்களின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

பார்க் சுங் ஹீ 1961 மே 16இல் படைபலங்கொண்டு ஆட்சியைக் கைப்பற்றியவர். முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் 1962இல் தொடங்கிற்று. ஏற்றுமதியில் வென்ற முதலாளிக்கு மலிவான வங்கிக் கடன் கிடைத்தது. தோற்றவனுக்குக் கதவு அடைபட்டது. இத்திட்டத்தின் திறமையை நான் மறுப்பவனல்லன். ஆயினும், அவர் வருமுன்னரே நிகழ்ந்த நிலச் சீர்திருத்தமும் பரவிய பள்ளிக் கல்வியும் அதற்கு அடித்தளமாயின என்பதை அவரைப் புகழ்வோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

போரினாற் சிதைந்த அந்த நாட்டில் ஏற்றுமதி செய்வதற்குத்தான் என்ன இருந்தது? பெண்களின் கூந்தல் இருந்தது! சீன மயிராற் செய்த பொய்முடிகளை அமெரிக்கா 1965இல் தடைசெய்யவே, அச்சந்தை கொரியாவுக்குத் திறந்தது. கிராமத்துப் பெண்கள் கூந்தலை அறுத்து விற்றனர். வேறு பெண்கள் நகரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அதனை இழையிழையாக முடிந்தனர். பெரும்பாலோர் இருபது வயதை எட்டாதவர்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் எத்தனையோ அண்ணன் தம்பியர் படித்து முன்னேறினர்.

தொழிலாளரைக் காக்கும் சட்டம் 1953 முதலே ஏட்டில் இருந்தது. அதனைக் கடைப்பிடிக்குமாறு கூவி, 1970 நவம்பர் 13இல் சியோல் நகரத் தையற்றொழிலாளி ஜொன் தே இல் தீக்குளித்து மாண்டார். அவருக்கு வயது 22.

வை.எச். என்னும் பொய்முடித் தொழிற்சாலை 1979 ஓகஸ்ட் மாதம் மூடப்பட்டபோது, அதன் பெண் தொழிலாளர் ஏறத்தாழ இருநூறு பேர் எதிர்க்கட்சித் தலைமையகத்திற் புகலடைந்தனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி பொலிசார் உட்புகுந்து அவர்களை இழுத்துச் சென்றனர். கிம் கியோங் சுக் என்ற இளம்பெண் உயிரிழந்தார். இடமளித்த கட்சியின் தலைவர் கிம் யங் சாம் ஒக்டோபர் 4இல் சட்டசபையிலிருந்து நீக்கப்பட்டார். அவரது செல்வாக்கு மிகுந்த பூசான் நகரிலும், அடுத்து மசானிலும் கிளர்ச்சி மூண்டது. ஆட்சியாளரின் உள்வட்டத்திலேயே பிளவு கண்டது. ஒக்டோபர் 26 இரவு, புலனாய்வுத்துறைத் தலைவரே பார்க்கைச் சுட்டுக் கொன்றார்!

பொய்முடியே மணிமுடியைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது மிகை. எரிபொருள் விலையேற்றமும் மக்களின் நெடுநாட் கசப்பும் சேர்ந்தே அதனைச் செய்தன. ஆயினும் பாஞ்சாலியின் விரித்த கூந்தலுக்குக் குருகுலம் என்ன விலை கொடுத்ததென்று அறிந்த நாம், அப்பெண்களைக் கணக்கில் விடலாகாது.

விடுதலை உடனே வந்துவிடவுமில்லை. ஆட்சி மீண்டும் மற்றொரு தளபதியான சுன் டூ ஹுவானிடமே சென்றது. 1980 மே மாதம் குவாங்சூ நகரிற் படையினர் தம் மக்களையே சுட்டனர். 1987 ஜூனில் மாணவரும் அலுவலகத்தாரும் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்த பின்னரே, மக்கள் நேரடியாக வாக்களித்து ஜனாதிபதியைத் தெரியும் உரிமை கிடைத்தது. அக்கோடையிலேயே தொழிற்சாலைதோறும் சங்கங்கள் எழுந்தன. கிம் யங் சாம் 1993இல் ஜனாதிபதியானார். சுன் 1996இல் நீதிமன்றத்திலே தண்டனை பெற்றார்.

நாடு செல்வமுற்ற பின்னரும் அந்தக் கண்டிப்பான கை திரும்ப முயன்றது. 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். மக்கள் குளிரையும் பொருட்படுத்தாது சட்டசபை வாயிலிற் கூடினர். உறுப்பினர் சிலர் மதிலேறிக் குதித்து உட்சென்றனர். சமூகமளித்த 190 பேரும் ஒருமுகமாக எதிர்த்து வாக்களித்தனர். பொழுது விடியுமுன் பிரகடனம் மீளப்பெறப்பட்டது.