பில்லின் அடியில் பொடி எழுத்து

பட்டாசு வாங்கினாலும் சரி, பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாலும் சரி, பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வழக்கு என்று வந்தால் இன்ன ஊர் நீதிமன்றத்தில்தான் என்று. அதை யாரும் படிப்பதில்லை. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில்தான் அச்சடிக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் ஒப்பந்தக் கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய பெரிய கதைகள் இருக்கின்றன.

சேலத்து வழக்கு ஒன்று சட்டப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம் பிடித்திருக்கிறது. ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கு என்பார்கள். குஜராத்தில் உலோக நூல் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் அதை வாங்கிய சேலத்து வியாபாரிகளுக்கும் தகராறு. கொடுத்த முன்பணத்தில் மீதியும் நஷ்டஈடும் கேட்டு, 1975-இல் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்திலோ தகராறு கைரா நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்று இருந்தது. கைரா குஜராத்தில் இருக்கிறது. பிரதிவாதிகள் எடுத்த எடுப்பிலேயே அதைக் காட்டினார்கள். சேலம் நீதிமன்றம் ஒத்துக்கொண்டு பிராதைத் திருப்பிக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம், சேலத்திலேயே நடத்தலாம் என்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் போய், 1989-இல்தான் முடிவு வந்தது. கைராவில் ‘மட்டுமே’ என்ற சொல் அந்த வரியில் இல்லை, ஆகவே சேலத்துக்கும் அதிகாரம் உண்டு என்றார்கள். பதினான்கு வருஷம்! அதற்குப் பிறகுதான் அசல் கணக்கையே விசாரிக்க வேண்டும். (2013-இல் வேறொரு வழக்கில், ‘மட்டுமே’ என்ற சொல் இல்லாவிட்டாலும் அர்த்தம் அதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சேலத்து வியாபாரிகள் முந்திக்கொண்டார்கள்.)

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் ‘கொம்பெத்தான்ஸ்’ என்றால் திறமை. நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். ஒரு திரிபுனாலைப் பார்த்து ‘நீ அன்கொம்பெத்தான்’ என்று வக்கீல் வாதாடினார் என்று பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டபோது, ஜட்ஜை இப்படித் திட்டினால் ஜெயிலில் போட மாட்டார்களா என்று நினைத்திருக்கிறேன்.

நெப்போலியன் காலத்து 1806-ஆம் வருஷச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு ஒழுங்கான வரிசை இருந்தது. தன்னைத் தவறான ஊர் நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர், மற்ற ஆட்சேபணைகளுக்கும் பதில்களுக்கும் முன்பாக அதைச் சொல்லிவிட வேண்டும். வக்கீல்கள் இதற்கு லத்தீனில் ‘இன் லீமினே லீத்திஸ்’ என்பார்கள். வழக்கின் வாசற்படியிலேயே என்று பொருள். உள்ளே வந்து உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டபின், இது என் வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் அந்த வகை வழக்கையே விசாரிக்க அதிகாரமில்லாத நீதிமன்றம் என்றால், எந்தக் கட்டத்திலும் சொல்லலாம்.

1968-இல் இந்தியச் சிவில் நடைமுறைச் சட்டம் நம் ஊருக்கு வந்தது. அதிலும் ஏறக்குறைய இதே கொள்கைதான். 21-ஆம் பிரிவுப்படி, ஊர் பற்றிய ஆட்சேபணையை முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் வகுப்பதற்குள் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பீலில் அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அப்போதே சொல்லியிருந்தாலும், அதனால் நீதி கெட்டது என்றும் காட்ட வேண்டும். ஒரு வித்தியாசம், இங்கே பதிலுரையிலேயே மற்ற வாதங்களோடு சேர்த்து எழுதலாம். அதை முதலில் முடிவு செய்வதா, எல்லாவற்றோடும் சேர்த்தா என்பது பெரும்பாலும் நீதிபதி கையில். மகாராஷ்டிராவில் மட்டும், இடைக்காலத் தடை கேட்டு வரும்போது அதிகார வரம்பு ஆட்சேபணை எழுந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று 9-ஏ என்றொரு பிரிவு வைத்திருந்தார்கள். தாமதம் தாங்காமல் 2018-இல் எடுத்துவிட்டார்கள்.

எண்பதுகளில் எங்கள் அலுவலகத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தது. துறையின் பெயர் வேண்டாம். கொங்கு நாட்டுப் பக்கமிருந்து ஒருவர் மர பெஞ்சு, மேசைகள் சப்ளை செய்திருந்தார். தரம் குறைவு என்று பில்லைப் பாதி நிறுத்திவைத்தார்கள். அவர் தன் ஊர் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். நோட்டீஸ் வந்ததும் அதிகாரிக்குக் கோபம். பெஞ்சில் எத்தனை விரிசல், எத்தனை ஆணி குறைவு என்று பத்தி பத்தியாகப் பதில் எழுதச் சொன்னார். நானும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் சூப்பிரண்டெண்ட் பிரெஞ்சுக்காரர் காலத்தில் திரிபுனாலில் எழுத்தராக வேலை பார்த்தவர். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, விரிசலை அப்புறம் எண்ணலாம். டெண்டர் கோப்பை எடு, ஊர் என்ன போட்டிருக்கு பார்” என்றார். பதினேழாவது நிபந்தனை, புதுச்சேரி நீதிமன்றங்கள் மட்டுமே. அவர் கையெழுத்தும் கீழே இருந்தது. அதையே முதல் பத்தியாக வைத்து அரசு வக்கீலுக்கு அனுப்பினோம். அந்த ஊர் நீதிபதி முதலில் அதையே எடுத்துக்கொண்டு, பிராதைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதிகாரி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். ஆனால் ஒரு பெஞ்சைக்கூட அதுவரை எந்த நீதிபதியும் பார்க்கவில்லை என்பது என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. சட்டப்படி நாங்கள் சொன்னது சரி. அரசாங்கத்தை ஊர் ஊராக இழுத்தால் வேலை நடக்காது என்பதும் சரி. ஆனால் விரிசல் உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ளும் அவசரம் எங்கள் அறையில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் புதுச்சேரியில் மறுபடி தாக்கல் செய்தார். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு போன காலத்தைக் கழித்துக்கொள்ள காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அதனால் வழக்கு சாகவில்லை. தாக்கல் செய்த அன்று எங்கள் அலுவலகத்துக்கும் வந்தார். கதர் சட்டை, கையில் மஞ்சள் பை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “சார், திரும்பிப் போக ராத்திரி பஸ் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இப்படி வரணுமே என்றார்.

மூன்றாவது வருஷம் கமிஷனர் போய்ப் பெஞ்சுகளைப் பார்த்தார். பன்னிரண்டில்தான் விரிசல், மற்றவற்றில் பிள்ளைகள் அதுவரை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்கு மட்டும் கழித்துக்கொண்டு சமரசம் ஆயிற்று. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுச் செக்கை வாங்கிப் போனது அவருடைய மகன். அப்பாவால் பஸ்ஸில் வர முடியவில்லை என்றார்.