ஒரு பழைய கேள்விக்குப் பதில்



முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் செல் படம் வரைந்தவன் நான். பாகம் குறிக்காவிட்டால் அரை மார்க் குறைப்பேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

1991-இல் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே நிக்குமா, நகருமா?" என்றான். "முதல்ல படத்தை ஒழுங்கா வரைடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி, தன் ஆய்வகத்தில் எடுத்த வீடியோவை லேப்டாப்பில் காட்டினாள். உயிருள்ள செல்லின் நியூக்ளியஸ். அதிலுள்ள ஒரு புரதத்தோடு, ஜெல்லிமீனில் கண்டுபிடித்த ஒளிரும் புரதத்தைச் சேர்த்திருப்பதால் எல்லாம் பச்சையாக மின்னியது. ஒரு புள்ளியில் லேசர் பளிச்சென்று அடித்ததும் அந்த இடம் மட்டும் கறுத்துவிட்டது. சில விநாடிகளில் பச்சை திரும்பி வந்தது.

"வெளுத்தது சரியாயிடுச்சாம்மா?"

"இல்ல சார். வெளுத்தது வெளுத்ததுதான். இது பக்கத்துல இருந்து நகர்ந்து வந்தது."

நம் பள்ளி மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் நடுவே நிற்கும் பத்துப் பேர் தலையில் சாக்பீஸ் தூளைக் கொட்டினால், கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் கறுப்புத் தலைகள்தான் இருக்கும். காலை வழிபாட்டில் கொட்டினால் வெள்ளை அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரத்தில் ஒளி பாதி திரும்புகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். முழுதாகத் திரும்பாவிட்டால், சில மூலக்கூறுகள் எதையோ பிடித்துக்கொண்டு நகராமல் இருக்கின்றன என்று அர்த்தம். (கால் சுளுக்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டவனைப் போல.)

இது புதுச் செய்தி என்று நினைத்தேன். இல்லையாம். எலி செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களும் 40 நிமிடத்தில் கலந்துவிடுவதை 1970-லேயே பார்த்திருக்கிறார்கள். லேசரால் வெளுக்கவைத்து அளக்கும் முறைக்கான கணக்கை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1976-இல் வெளியிட்டுவிட்டார்கள். நான் வேலையில் சேர்ந்ததே 1984-இல்தான்.

அன்றைக்கு "தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றிருக்கலாம்.

அந்த வருஷத்து ஆ பிரிவு மாணவர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைக் காட்டுங்கள். நகரும்ப்பா. நீ கேட்டது சரியான கேள்வி. வீடு அதே தெருவில்தான் இருக்கிறது, ஒரு நாள் வா.