உள்ளேன், ஐயா!

இருபது வருஷங்களாகக் காலையில் நான் செய்யும் முதல் காரியம், வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது. பெயருக்குரிய பிள்ளை எழுந்து "உள்ளேன், ஐயா!" என்றால், முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோடு போடுவேன். வராத பிள்ளையைக் கண்டிப்பதும் உண்டு. ஆனால், உபாத்தியாயர் வராததற்காகப் பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. அப்படியும் ஒரு தண்டனை உலகத்தில் உண்டு என்பதை 2023-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில்தான் அறிந்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரு நாள் மாலை, எங்கள் அரசினர் பள்ளியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி தாயாருடன் வந்தாள். தகப்பனார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020-இல் ஏற்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீட்டினால், திருச்சி கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவள் அவள்.

"ஸார்! காலேஜுக்கு அங்கீகாரம் போய்விட்டதாமே! இவள் படித்த படிப்பெல்லாம் என்ன ஆவது?" என்றார் தாயார். பெண் ஒன்றும் பேசவில்லை, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சமாசாரம் உண்மைதான். சென்னை ஸ்டான்லி, திருச்சி, தர்மபுரி ஆகிய மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் அங்கீகாரத்தை விலக்கிக்கொள்வதாகத் தேசிய மருத்துவக் கமிஷன் தெரிவித்திருந்தது. ஆதாரோடு இணைந்த விரல்ரேகை வருகைப் பதிவிலும், கண்காணிப்புக் காமிராக்களிலும் குறை கண்டார்களாம். மூன்றிலுமாக 500 இடங்கள். திருச்சிக்கு மட்டும் 150.

பத்திரிகையை மறுபடி படித்துப் பார்த்து, "அம்மா! இது புதிதாகச் சேரப்போகிறவர்களைப் பற்றியது. உங்கள் பெண்ணின் படிப்புக்குப் பங்கம் வராது" என்றேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. ஆனால் பெண் நிமிர்ந்து, "அப்படியானால் தம்பி, ஸார்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுரீர் என்றது. தம்பியும் என் மாணவனே. மே 7-ஆம் தேதி நீட் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தவன்.

அவர்கள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சியின் 150 இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்தியப் பங்குக்குப் போய்விடும். மிச்சத்தில் 7.5 சதவிகிதம் என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பது பத்து இடங்கள். வீட்டுச் சாப்பாட்டுடன், புத்தூர் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரியில் தொழில் பழகக்கூடிய ஒன்பது பத்து இடங்கள்! வசதியுள்ளவருக்கு வேறு ஊர் உண்டு. ஜவுளிக்கடைக் கணக்கர் மகனுக்கு?

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் பாடம் குறைந்தால் பையன் கணக்கில் தவறுவான். வைத்தியக் கல்லூரியில் பாடம் குறைந்தால் நோயாளியின் உயிர் தவறும். மாணவர் வகுப்புக்கு 75 சதவிகிதமும், செய்முறைக்கு 80 சதவிகிதமும் வந்தாக வேண்டும் என்று விதி இருக்கும்போது, ஆசிரியர் வருகையையும் கேட்பதே நியாயம். ஆனால், காமிரா மாட்டாதவர் ஒருவர், இடம் இழப்பவர் இன்னொருவர் என்பது எந்த ஊர் நியாயம்?

பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1930-இல் லண்டனிலிருந்த பொது மருத்துவக் கவுன்சில், இந்திய வைத்தியப் பட்டங்களை அங்கீகரிப்பதை நிறுத்திவிட்டது. நம்மவருக்கு ரோஷம் வந்தது. நம் தரத்தை நாமே நிர்ணயிக்க வேண்டும் என்ற வாதம் வலுத்து, 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. அதன் வழியில் வந்ததுதான் 2020-இல் தொடங்கிய இன்றைய கமிஷன். அந்நியன் கதவைச் சாத்தினால் கோபிக்கலாம்; நம்முடைய கதவை நாமே சாத்தும்போது, வாசலில் நிற்கும் குழந்தை யார் என்று பார்க்க வேண்டாமா?

நல்லவேளையாக, சில வாரங்களுக்குள் குறைகள் தீர்க்கப்பட்டு, மூன்று கல்லூரிகளுக்கும் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டிலேயே சில தனியார் கல்லூரி மாணவர்கள், நியாயஸ்தலத்தின் படியேறித்தான் வேறு கல்லூரிகளுக்கு மாற முடிந்தது. அதற்குள் கழிந்த காலத்தை யார் திருப்பித் தந்தார்கள்? 2023 செப்டம்பரில் கமிஷன் வகுத்த விதிகள், குறையுள்ள கல்லூரிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கின்றன. தவறியவர் கையிலிருந்து தண்டம் வாங்க வழி இருக்கும்போது, முதலில் அந்த வழியில் போவதே தர்மம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. வழக்கம்போல் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன், ஐயா!" என்று ஒவ்வொரு குரலாக வந்தது. அன்று கோடு போடுமுன் ஒவ்வொரு முகத்தையும் சற்று அதிக நேரம் பார்த்தேன்.