இங்கே செய்ததா?

விழுப்புரம் என்று சொன்னால் பெரும்பாலோருக்கு ஊர் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஜங்ஷன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. செங்கற்பட்டு, விருத்தாசலம், கடலூர், காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளிலிருந்தும் இருப்புப் பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன. புதுச்சேரிப் பாதை 1879-லேயே போடப்பட்டுவிட்டது. இத்தனை பாதைகள் வந்து சேர்ந்தும் ஊருக்குக் கிடைத்த பட்டம் என்னவோ "வண்டி மாறும் இடம்" என்பதுதான்!

எங்கள் திண்டிவனத்தின் கதியும் ஏறக்குறைய அதுவே. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அது காப்பி சாப்பிடும் இடம். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், திண்டிவனத்துக்காரர்களாகிய நாங்கள், "புதுச்சேரிக்குப் பக்கம்" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டோம். சொந்த ஊருக்கு அடுத்த ஊரின் விலாசத்தை ஒட்டி அனுப்பும் இந்த வழக்கம் எப்போது ஏற்பட்டதோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

இப்படிப்பட்ட ஊர்களிலே ஒரு விடுமுறை நாளைக் கழிக்க வேண்டுமென்று அர்ஜென்டினா தேசத்திலிருந்து ஒரு பெண் வந்தாள் என்றால், நேயர்கள் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தோம்.

என் பெண் புதுச்சேரியில் படிக்கிறாள். இப்போதெல்லாம் கல்லூரிகளுக்குள் "மாணவர் பரிமாற்றம்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கிய நம் முன்னோரின் பண்டமாற்று மாதிரி, நம் பிள்ளைகள் சிலர் அங்கே போவார்கள். அவர்கள் பிள்ளைகள் சிலர் இங்கே வருவார்கள். அந்த ஏற்பாட்டின்படி ஆறு மாதப் படிப்புக்கு வந்தவள்தான் இந்தப் பெண். அர்ஜென்டினாவின் இரண்டாவது பெரிய நகரமாகிய கொர்தோபாவைச் சேர்ந்தவள். ஊருக்குத் திரும்ப இரண்டு வாரமே இருந்தது. "எனக்கு இனிமேல் ஒன்றையும் பார்க்க வேண்டாம். உன் ஊரில் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும், கடைத் தெருவில் சுற்ற வேண்டும்" என்று என் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள்.

என் பெண்ணுக்குத் திகில் பிடித்துவிட்டது. "அப்பா! நம் ஊரில் அவளுக்கு எதைக் காட்டுவது?" என்று டெலிபோனில் கேட்டாள். செஞ்சிக் கோட்டை இருக்கிறதே என்றேன். 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்ந்த கோட்டையல்லவா? அதை முன்பே ஏறிப் பார்த்துவிட்டாளாம். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள்? அதையும் பார்த்தாகிவிட்டதாம். 1947 முதல் 1949 வரையில் சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த ஓமந்தூராரின் ஊர் திண்டிவனத்துக்கு அருகில்தானே என்றேன். "அப்பா, அவள் ஏதாவது வாங்கிக் கொண்டு போக விரும்புகிறாள். தலைவர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போக முடியுமா?" என்று கேட்டுவிட்டாள்.

குறிப்பிட்ட நாளன்று எனக்கும் விழுப்புரத்தில் ஒரு சிறு காரியம் இருந்தது. புதுச்சேரி வண்டியிலிருந்து நான்கு பெண்கள் இறங்கினார்கள்: என் பெண், அவளுடைய சினேகிதிகள் இருவர், அர்ஜென்டினா மாணவி. "வணக்கம், மாமா!" என்று அவள் கை குவித்தாள். உறவுமுறையெல்லாம் என் பெண்ணின் போதனை. திண்டிவனம் போகும் வண்டிக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. எங்களுக்கு அது காத்திருக்கும் நேரம். அவளுக்கோ அது விடுமுறையின் முதல் பகுதி. பிளாட்பாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகே கடைத் தெருவுக்குப் புறப்பட்டாள்.

அவள் தேடிய சாமான் இன்னதென்று அவளுக்கே தெரியாது. ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. அவளுடைய தாத்தா கொர்தோபா பக்கத்தில் விவசாயம் செய்தவர். பேத்தி புறப்பட்டபோது, "அந்த ஊர் மனிதர்கள் தங்கள் கையால் உண்டாக்கியது ஏதாவது கொண்டு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு கடையிலும் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதையும் தமிழிலேயே கற்று வைத்திருந்தாள்.

"இது இங்கே செய்ததா?"

மகாத்மா காந்தி ரோட்டில் ஒரு வளையல் கடை. "இங்கே செய்ததா?" என்றாள். கடைக்காரர் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக் கொண்டு, "இல்லேம்மா! ஒரிஜினல் பிரோசாபாத் சரக்கு!" என்றார். அடுத்தது புடவைக் கடை. அங்கே சூரத் சரக்கு. துண்டு ஈரோட்டிலிருந்து வந்தது. பொம்மைக் கடையில் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெட்டியின் மேல் சீன எழுத்து இருந்தது. ஒரு கடையில் மட்டும் சிறுவந்தாட்டுப் பட்டுப் புடவை ஒன்றை விரித்துக் காட்டினார்கள். சிறுவந்தாடு விழுப்புரம் ஜில்லாவிலேயே உள்ள நெசவாளர் ஊர். அவள் முகம் மலர்ந்தது. விலையைக் கேட்டதும் மலர்ந்த முகம் மறுபடியும் குவிந்தது. மாணவர்களின் பணப்பை உலகமெங்கும் ஒரே அளவில்தான் தைக்கப்படுகிறது போலும்!

"பேசாமல் புதுச்சேரியிலேயே எதையாவது வாங்கியிருக்கலாம்" என்று சினேகிதிகளில் ஒருத்தி முணுமுணுத்தாள். என் பெண்ணோ ஒவ்வொரு கடையிலிருந்தும் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்து கொண்டாள். வெயில் அதிகமாயிருந்தது, ஆனால் அவள் தலை குனிந்தது வெயிலினால் அல்லவென்று எனக்குத் தெரிந்தது.

அயல் நாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் கடைத் தெருவில் நுழைவது புதிதல்ல. 1888-இல் லண்டனுக்குப் படிக்கச் சென்ற ஓர் இளைஞர் 19 ஷில்லிங் கொடுத்து ஓர் உயரத் தொப்பி வாங்கினார். நாகரிகத்துக்குப் பெயர்போன பாண்டு வீதியில் 10 பவுன் கொடுத்து மாலை நேர உடுப்புத் தைத்துக் கொண்டார். அந்த இளைஞர்தான் பிற்பாடு இடுப்பில் ஒரு துண்டுடன் உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்த மகாத்மா. சத்திய சோதனையில் அவரே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். போன தேசத்தாரைப் போல் ஆகிவிட வேண்டுமென்று வாங்குவது ஒரு விதம். போன தேசத்தை அறிந்து கொள்வதற்காக வாங்குவது இன்னொரு விதம். எங்கள் அர்ஜென்டினாப் பெண் இரண்டாவது ரகம்.

"இது இங்கே செய்ததா?" என்ற அவளுடைய கேள்வியும் நமக்குப் பழைய கேள்விதான். 1930-ஆம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்தின்போது அன்னியத் துணிக் கடைகளின் வாசலில் நின்ற தொண்டர்கள் கேட்டதும் இதைத்தானே? அடிபட்டுக் கொண்டு அவர்கள் கேட்ட கேள்வியை, இன்று ஓர் அயல்நாட்டுப் பெண் சிரித்துக் கொண்டு கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டும் நாமாகவே இருக்கிறோம்.

வண்டி வந்தது. விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிதானமாக நின்று நின்று போயிற்று. ஜன்னலுக்கு வெளியே கரும்பும், நெல்லும், கொல்லைகளும், இடையிடையே வீட்டு மனைக்காக நட்ட வெள்ளைக் கற்களும் நகர்ந்து கொண்டிருந்தன.

மத்தியானம் எங்கள் வீட்டில் புளியோதரை. திண்டிவனம் என்பது திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்ற பெயரின் திரிபு என்பார்கள். அதை எடுத்துச் சொன்னதும் அவள் இன்னொரு முறை போட்டுக் கொண்டாள். எனக்கும் உற்சாகம் பிறந்தது. எங்கள் ஊரின் ஒரு பகுதியான கிடங்கில்தான் சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகர் என்பதைச் சொன்னேன். அவன்மீது பாடப்பட்ட சிறுபாணாற்றுப்படை 269 அடி கொண்டது. பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், எதிரே வறுமையுடன் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. கடற்கரைப் பட்டினத்துக்குப் போனால் சுட்ட மீன் கொடுப்பார்கள். வேலூருக்குப் போனால் புளியிட்டுச் சமைத்த சூடான சோறு போடுவார்கள். ஆமூரில் வெள்ளரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும் என்று வழிநெடுக விருந்துகளை அது அடுக்குகிறது.

"அப்படியானால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, வெளியூரார் இங்கே வந்து புளிச் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்!" என்றாள் அவள். அந்தக் காலத்து மனிதர்கள் வந்தவனிடம், "அடுத்த ஊருக்குப் போய்ப் பாரும், எங்கள் ஊரில் ஒன்றுமில்லை" என்று சொன்னதாகப் பாட்டில் எங்கும் இல்லை.

சாப்பிட்ட பிறகு பெண்கள் ஊஞ்சலிலும் தரையிலுமாகப் படுத்துத் தூங்கினார்கள். வெயில் தாழ்ந்ததும் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மல்லாட்டை! அவிச்ச மல்லாட்டை!"

கூடைக்காரப் பாட்டி வாடிக்கையாக வருகிறவள். அர்ஜென்டினாப் பெண் கூடையை எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம், "மனீ!" என்று கூவினாள்.

"மணியா? யார் அது?" என்று என் மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"மணி இல்லை, அத்தை! மனீ! எங்கள் ஊரில் இதன் பெயர் மனீ. என் தாத்தா இதைத்தான் பயிரிட்டார்!" என்றாள். அர்ஜென்டினாவில் வேர்க்கடலை விளைவதற்கு முக்கியமான மாகாணம் கொர்தோபாதான். பிறகு, காலையிலிருந்து கேட்டு வந்த கேள்வியைப் பாட்டியிடமும் கேட்டாள்: "இது இங்கே செய்ததா?"

"செய்யறதா? எங்க கொல்லையிலே விளைஞ்சது, கண்ணு! இந்தக் கையாலே களை எடுத்தது" என்று பாட்டி மண் படிந்த விரல்களை விரித்துக் காட்டினாள். "இந்த ஒரு கொல்லைதான் இப்ப மிச்சம். சுத்தி எல்லாம் கல்லு நட்டுட்டாங்க" என்று சொல்லிக் கொண்டே உழக்கைக் குவித்து அளந்தாள்.

வேர்க்கடலையின் ஜன்மபூமி தென் அமெரிக்கா. பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியும் சேர்ந்த பிரதேசம் என்று தாவர நூலார் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியர்களின் கப்பல்கள் அதை உலகமெல்லாம் கொண்டு போயின. மணிலாவின் பெயரால் நம்மிடம் மணிலாக்கொட்டை ஆயிற்று. எங்கள் தென்னார்க்காட்டார் வாயில் அது மல்லாட்டை ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஜில்லாவின் கடலை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி, மார்சேல்ஸ் நகரத்துச் செக்குகளுக்குப் போய் எண்ணெயாயிற்று.

கதை அத்துடன் நிற்கவில்லை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துக்களுக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளாகப் பொறுக்கியெடுத்து, 1940-இல் "டி.எம்.வி. 2" என்னும் ரகத்தை அங்கிருந்து வெளியிட்டார்கள். நூறு நாளைக்குச் சற்று அதிகமான காலத்தில் விளையும் இந்த ரகம் ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் லட்சக்கணக்கான விவசாயிகளின் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்டது. அந்த டி.எம்.வி. என்ற மூன்று எழுத்தும் வேறொன்றுமில்லை; திண்டிவனம் என்பதன் சுருக்கம்!

இதைக் கேட்டதும் என் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம் ஊர்ப் பெயரையா, அப்பா, அத்தனை ஊர்களிலும் விதைத்திருக்கிறார்கள்?" என்றாள். விழுப்புரத்திலிருந்து குனிந்து வந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

தாத்தாவுக்குக் கொண்டு போக இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரு சங்கடம். பச்சை விதையை எல்லை தாண்டி எடுத்துப் போகச் சுங்கத்தார் சும்மா விடமாட்டார்கள். பயிர் நோய் பரவாமலிருப்பதற்காக ஏற்பட்ட விதி அது. நானூறு வருஷங்களுக்கு முன்பு கடலை புறப்பட்டபோது அதனிடம் யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. திரும்பிப் போவதற்குத்தான் சீட்டு வேண்டியிருக்கிறது! என் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த தெருவில் ஓர் அம்மாள் வெல்லப் பாகு காய்ச்சிக் கடலை உருண்டை பிடித்து விற்கிறாள். பெண்கள் நால்வரும் அங்கே ஓடினார்கள். பாகு பதம் வருவதையும், சூடு ஆறுவதற்குள் அரிசி மாவைக் கையில் தொட்டுக் கொண்டு உருட்டுவதையும் ஒரு மணி நேரம் பார்த்திருந்து, இரண்டு டப்பா நிறைய வாங்கி வந்தார்கள். அன்றைய தினம் அவள் வாங்கிய சாமான் அது ஒன்றுதான்.

"சுதேசி" என்றால் இந்த மண்ணிலேயே ஆதியில் தோன்றியது என்று அர்த்தம் கொண்டால், மல்லாட்டை நம்முடையதாகாது, மிளகாயும் ஆகாது. எங்கிருந்து வந்தாலும், நம் மண்ணில் ஊன்றி, நம் கையால் களையெடுத்து, நம் அறிவால் மேலும் சிறப்பாக்கி, நாம் வேறொருவருக்குக் கொடுக்கும்படியாகச் செய்தோமே, அதுதான் நம்முடையது. பரிமாற்றம் என்பதும் அதுதான். கொடுப்பதற்குக் கையில் ஒன்று இருப்பவனே பரிமாறிக் கொள்ள முடியும்.

ஆகையால், நேயர்களே, உங்கள் ஊருக்கு ஒரு விருந்தாளி வந்தால் பக்கத்து ஊருக்கு வண்டி பேசுவதற்கு முன், உங்கள் தெருவில் எந்தக் கூடை வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். "இங்கே செய்ததா?" என்று அவர் கேட்கும்போது, "ஆம்" என்று சொல்ல ஒரு கொல்லையாவது மிச்சமிருக்க வேண்டும். எங்கள் பாட்டியின் கொல்லைக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கற்கள் நட்டாகிவிட்டன.