மெழுகுதல்

தமிழில் 'மெழுகு' பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது, வினைச்சொல்லாகவும் இருக்கிறது. பெயராக நிற்கும்போது அது தேன்கூட்டிலிருந்து கிடைப்பது, திரியோடு சேர்ந்து எரிவது. வினையாகும்போது அது பெண்களின் வேலை. தரையைச் சாணத்தால் மெழுகுவோம், அடுப்பை மெழுகுவோம். புறநானூற்றின் 249ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி முறத்தளவு இடத்தைத் தன் கண்ணீராலேயே சாணமிட்டு மெழுகுகிறாள். அந்த வினைக்கு எழுவாய் பெரும்பாலும் பெண்தான் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். காருக்கு மெழுகு வாங்கப் போன இடத்தில் எழுவாய் மாறியிருந்தது. அங்கே மெழுகுவது ஆண்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தையாக இருந்தது.

எனக்கு வேலூரில் கல்லூரி வேலை. அம்மா வீடு ஆம்பூரில். வாரம் ஒருமுறை பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டிப் போய்வர, என் சம்பளத்தில், என் பெயரில் ஒரு கார் வாங்கினேன். கருநீலம், மெட்டாலிக். வீட்டிலும் ஷோரூமிலும் எல்லோரும் வெள்ளை எடுக்கச் சொன்னார்கள். "டார்க் கலர்னா பராமரிக்கிறது கஷ்டம்" என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என் நிறத்தைப் பற்றிப் பேசியபோதும் ஏறக்குறைய இதே தொனிதான். கருநீலத்தையே எடுத்தேன்.

மெழுகு வாங்கத் தம்பியோடு ஒரு கடைக்குப் போனேன். தம்பிக்கு வண்டி ஓட்டவே தெரியாது. கடைக்காரர் அவனிடம்தான் பேசினார்.

"சார் வண்டி என்ன கலர்?"

"வண்டி அக்காவோடது" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தத் தொல்லை? எங்க பசங்ககிட்ட விட்டுடுங்க, பளபளன்னு பண்ணித் தந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தம்பியைப் பார்த்தார். அலமாரியிலிருந்த மூன்று டப்பாக்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"எல்லாம் வாக்ஸ்தான் மேடம்."

எல்லாம் ஒன்றல்ல. அதை அவர் சொல்லவில்லை. நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

இன்றைய கார்களின் வண்ணம் அடுக்கடுக்கானது. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம். மெட்டாலிக் என்றால் அந்த நிற அடுக்கில் மிக நுண்ணிய அலுமினியத் துகள்கள் கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஓர் அடுக்கு, கிளியர் கோட். அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி பொதுவாக அதைவிடத் தடித்தது. நாம் கழுவுவது, துடைப்பது, மெழுகுவது எல்லாம் இந்த ஒற்றை அடுக்கைத்தான். உள்ளே இருக்கும் அலுமினியம் மின்ன வேண்டுமென்றால் மேலே இருக்கும் இந்தக் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும்.

மண்ணோடு துணியை வைத்துத் தேய்த்தால் அதில் நுண்கீறல்கள் விழும். வெயிலில் அவை சிலந்தி வலைபோலத் தெரியும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் விழுகின்றன. அங்கே சிதறும் ஒளி வெள்ளைக்குள்ளேயே கலந்து மறைந்துவிடுகிறது. அடர்நிறத்தில் மறைய இடமில்லை. அடர்நிறம் கூடுதலாகக் கெடுவதில்லை, பட்டதை மறைக்காமல் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த மூன்று டப்பாக்கள். முதலாவது 'கிளீனர் வாக்ஸ்'. அதில் தேய்த்தெடுக்கும் பொடி கலந்திருக்கும். பழைய கார்களின் ஒற்றைப் பூச்சு வெயிலில் வெளிறிப் பொடியும்போது அது உதவியது. கிளியர் கோட் உள்ள வண்டியில் அடிக்கடி போட்டால், காக்க வேண்டிய அடுக்கையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிவிடும்.

இரண்டாவது கார்நாபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு தூளாக உதிரும். அந்த ஓலை வெட்டும் வேலையில் அடிமைநிலையில் வைக்கப்பட்டிருந்தவர்களைப் பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். கார்நாபா இயல்பில் கெட்டியானது, உருக 80 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். டப்பாவில் எண்ணெயும் கரைப்பானும் சேர்த்து இளக்கித்தான் விற்கிறார்கள். அடர்நிறத்துக்கு அது தரும் ஆழத்தை வேறெதுவும் தருவதில்லை என்பார்கள். ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் தாங்கும்.

மூன்றாவது, பாலிமரில் செய்த 'சீலன்ட்'. இது மெழுகே அல்ல, மெழுகு வேலையைச் செய்யும் ரசாயனம். சில மாதங்கள் நிற்கும். பளபளப்பு கண்ணாடிபோலக் கூர்மையாக இருக்கும், அலுமினியத் துகள்கள் துல்லியமாகத் தெரியும்.

வேறு ஊராக இருந்தால் இதற்குள் முடிவெடுத்திருக்கலாம். எங்கள் ஊரில் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். போர்வெல் நீரால் கழுவிய கருநீல பானட்டில் ஒவ்வொரு துளி காய்ந்த இடத்திலும் ஒரு வெள்ளை வளையம். எவர்சில்வர் குடத்தில், குளியலறைக் கண்ணாடியில், பக்கெட்டின் விளிம்பில் பெண்கள் தினமும் பார்க்கும் அதே வளையம். நீரின் உப்பில் ஒரு பங்கு பாறையிலிருந்தே வருகிறது. இன்னொரு பங்கு தோலிலிருந்து வந்தது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவி எடுக்கிறார்கள். கழுவிய நீர் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றிலும் வயல்களிலும் இறங்கியது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தபின் அதுவும் சேர்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சட்ட மாணவிகள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு அது. 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கேன் தண்ணீர் வாங்கி இடுப்பில் தூக்கி வந்தவர்கள் எந்தத் தீர்ப்பிலும் மனுதாரர்கள் அல்லர்.

ஆகவே இங்கே மெழுகு, அழகுக்கு முன்பாக உப்பிலிருந்து காக்க வேண்டும். நான் சீலன்டை அடித்தளமாக எடுத்தேன், அதன்மேல் கார்நாபா. எப்படிப் போடுவது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா. இருபது வருடங்களாக ஷூ கம்பெனியில் ஃபினிஷிங்கில் இருக்கிறார். காலை வேனில் அவரோடு போகிறவர்கள் எல்லோரும் பெண்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மேடம், இது எங்க கம்பெனி கிரீம் வாசனையா கீது."

சரிதான். ஷூ பாலிஷிலும் கார்நாபா உண்டு.

"நெறையப் போட்டா பளபளப்பு வராது. பூசினோமா இல்லியான்னு உங்களுக்கே சந்தேகம் வரணும், அவ்ளோ மெல்லிசா போடுங்க. வெயில்ல வாணாம், தகடு கைக்குச் சில்லுன்னு இருக்கணும். லேசா பனி மாதிரி படியும், அப்போ வெரலால ஒரு இழு இழுத்துப் பாருங்க. சுத்தமா வந்தா தொடைக்கலாம். துணிய மடிச்சு மடிச்சு மாத்திக்கினே இருங்க. நேரா நின்னு பாக்காதீங்க, சாஞ்சு பாருங்க."

பிறகு ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் மெதுவாகத் தடவினார். வெறுங்கைக்குத் தெரியாத நறநறப்பு பையின் வழியாகத் தெரிந்தது. "இன்னும் தூசி கீது. இதுமேல போட்டா கோடு விழும்" என்றார். கார் பராமரிப்பில் தேர்ந்தவர்கள் செய்யும் அதே சோதனை. அவர் எந்தக் காரையும் இதற்குமுன் மெழுகியதில்லை.

இப்போது இரண்டு வாளி வைத்துக் கழுவுகிறேன், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இருக்காது, அதைச் சேர்த்துவைத்துக் கடைசியாக ஊற்றுகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைத் தொடுவதில்லை, அதில் உப்பு இன்னும் அதிகம். துளிகள் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறேன். பங்குனிக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்து ஒருமுறை சீலன்ட். பொங்கலுக்குக் கார்நாபா. உடன் வேலை செய்யும் இரண்டு பேராசிரியைகள் தங்கள் வண்டிகளோடு வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

அந்த கார்நாபா டப்பாவின் விலை அக்காவின் இரண்டு நாள் கூலி. வருடக்கணக்காகத் தோலைத் தேய்த்து அவருடைய விரல்நுனி ரேகைகள் மழுங்கிவிட்டன. ரேஷன் கடை இயந்திரம் அவரைப் பல மாதங்கள் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அப்போது அலைபேசிக்கு ஓடிபி வரும். அந்த எண் சென்னையில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. அவன் போனை எடுக்கும்வரை வரிசையிலிருந்து விலகி நிற்பார்.

அவர் செய்யும் வேலையைக் காரில் செய்கிறவருக்கு 'டீட்டெய்லர்' என்று பெயர், தனிக் கட்டணம் உண்டு. அவருடைய கம்பெனியில் பளபளப்பைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஆண்கள் என்றார். அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். வேலை என்ற இடத்தில், இருபது வருடங்களுக்குப் பிறகும், 'ஹெல்பர்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள்.