காரணம் கேட்காத அறை

காரைக்கால் அம்மையார் ஏன் பேயுருவம் கேட்டார்? வகுப்பில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வி வரும். கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறினார் என்பது பெரியபுராணத்தின் பதில். கோட்டுச்சேரியிலிருந்து வேலைக்கும் கருத்தரங்குக்கும் தனியாகப் பேருந்து ஏறுகிற எனக்கு இன்னொரு பதிலும் தோன்றும். அவர் நெடுந்தூரம் போகவேண்டியிருந்தது. கயிலைக்கு, பிறகு திருவாலங்காட்டுக்கு. பேயிடம் யாரும் "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்க மாட்டார்கள்.

சதையோடு வழிநடந்தவர்களுக்குச் சத்திரங்கள் இருந்தன. இராமேசுவரம் போகும் பாதையில் தஞ்சை மராட்டியர் நடத்திய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவை தன் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்று வாதாடும் கடிதம். வருகிறவர் எல்லோருக்கும் உணவு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்குப் பால். அங்கேயே பிள்ளை பெற்றவளுக்கு மருந்தும், மூன்று மாதம் தங்க அனுமதியும். வழியில் வலி கண்ட ஒருத்தியை நினைத்து யாரோ அந்த விதியை வகுத்திருக்கிறார்கள்.

பொற்காலம் என்று சொல்லவரவில்லை. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியாக அளந்தார்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. சாதியும் அங்கே தங்கியிருந்தது. ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்கு முத்தாம்பாள் பெயர். வரலாற்று நூல்கள் அவரைச் சரபோஜியின் காமக்கிழத்தி என்கின்றன. மனைவி என்ற இடம் தராதவர்கள் முத்தாம்பாள்புரம் என்று ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது மங்கம்மாள் சத்திரம். 1689இல் கைக்குழந்தையான பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் மங்கம்மாள். அவரையே கடைசியில் சிறைவைத்து, சோற்றைக் கண்ணில் காட்டிப் பட்டினிபோட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. சத்திரம் கட்டியவளுக்கு!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தச் சத்திரத்தில் ஓர் இரவு தங்கினேன். விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். பேருந்து தாமதம், மணி பத்தைத் தாண்டிவிட்டது. முதலில் நுழைந்த விடுதியில் அடையாள அட்டையையும் கல்லூரிக் கடிதத்தையும் காட்டினேன். "சாரோட நம்பர் குடுங்க மேடம், ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்" என்றார்கள். முனைவர் பட்டம் வாங்கியவள் நான்; எனக்கு ஜாமீன் சொல்ல ஒரு 'சார்' தேவைப்பட்டார். நம்பர் தராமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சத்திரத்தில் பேரேட்டை நீட்டினார்கள். பெயர், ஊர், வந்த காரணம் எழுதினேன். சாவி கிடைத்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டிருக்கிறதா என்று இரண்டுமுறை இழுத்துப் பார்த்தேன். கொசுவும் ரயில் சத்தமும் தூங்கவிடவில்லை. ஆனாலும் கதவு என் கையில் இருந்தது.

விழித்துக் கிடந்தபோது அந்த 'வந்த காரணம்' மனதை விட்டுப் போகவில்லை. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, நோயாளி, யாத்திரை வந்தவள், விடைத்தாள் திருத்த வந்தவள் என்று எங்களிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்க்கவோ, வீட்டை விட்டு ஒருநாள் சும்மா இருக்கவோ ஒருத்தி இரவு பத்து மணிக்கு வந்து நின்றால்?

அவளுக்கு அன்னதானம் வேண்டாம். வாடகையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் போதும்.